குளிர்ந்து முடியாத லேசர் கட்டர்: மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீட்டிலேயே லேசர் கட்டர் வைத்துப் பெயர்ப்பலகையும் சாவிக்கொத்தும் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வெட்டி முடித்த பிறகும் இயந்திரம் "குளிர்கிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த வேலையைத் தொடங்க விடுவதில்லை. நம் ஊர்க் குளிரில் இப்படி நடந்தால் ஒன்று, வெப்பம் வெளியேற வழியில்லாமல் எங்கோ தங்கிவிட்டது. அல்லது சூட்டை அளக்கும் சென்சர் பொய் சொல்கிறது.

கோத்தகிரி: அண்ணா, என்னுடையதில் லேசர் ஒளி வருவது 40 வாட் கண்ணாடி டியூபிலிருந்து. அதைக் குளிர்விக்க வாளித் தண்ணீர், மீன்தொட்டி பம்ப். காலையில் நன்றாக வெட்டுகிறது. பதினொரு மணிக்கு அலாரம் அடிக்கிறது, அரை மணி நேரம் காத்திருந்தாலும் தணிவதில்லை. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி) வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள் தம்பி. 40 வாட் ஒளி வர டியூபுக்குள் ஏறத்தாழ 400 வாட் மின்சாரம் போகிறது. மீதி முழுவதும் சூடாகித் தண்ணீரில் இறங்குகிறது. பத்து லிட்டர் வாளி என்றால், இடைவிடாமல் வெட்டும்போது நிமிடத்துக்கு அரை டிகிரி ஏறும். இருபது நிமிடத்தில் பத்து டிகிரி. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியிலிருந்து அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. அரை மணி நேரம் போதாததற்குக் காரணம் இதுதான்.

முதலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். வாளிக்குத் திரும்பி வரும் குழாயை ஒரு லிட்டர் பாட்டிலில் விடுங்கள். அரை நிமிடத்தில் நிரம்பினால் ஓட்டம் சரி. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பம்ப் வடிகட்டியில் பாசி இருக்கும், அல்லது குழாய் எங்காவது மடிந்திருக்கும். அடுத்து டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி சூடேறி வெடிக்கும். பம்ப் ஓடும்போதே இயந்திரத்தின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக் குமிழியை வெளியேற்றுங்கள். தண்ணீர் வெளியேறும் முனை மேல்நோக்கி இருந்தால் குமிழி மறுபடி தங்காது. இவை சரியானபின் ஃபேன் வைத்த சிறிய ரேடியேட்டர் ஒன்றைச் சேர்த்தாலே உங்கள் ஊருக்குப் போதும்.

இயந்திரம் ஓடும்போது வாளிக்குள் கை விடாதீர்கள். டியூபுக்குப் போகும் மின்சாரம் பதினைந்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். கசிவு ஏற்பட்டால் அது தண்ணீர் வழியாகத்தான் வரும்.

குன்னூர்: வாளியில் ஐஸ் போடலாமா?

கூடாது. பனிமூட்டம் உள்ளே வரும் அறையில், அறையைவிடச் சற்றே குளிர்ந்த தண்ணீர் ஓடினாலும் டியூபின்மேல் வேர்க்கும். உயர் மின்னழுத்த முனையில் அந்த ஈரம் படிந்தால் மின்பொறி தாண்டும்.

மஞ்சூர்: என்னுடையது டயோடு லேசர், தண்ணீரே கிடையாது. அதுவும் தணிவதில்லை.

அதற்குத் தலைப்பகுதியில் ஃபேன்தான் எல்லாம். கழற்றித் துடையுங்கள், சுற்றவில்லை என்றால் மாற்றுங்கள்.

கொடைக்கானல்: நீங்கள் எல்லோரும் உயரத்தை மறந்துவிட்டீர்கள். இங்கே காற்று மெல்லியது. ஃபேனுக்கு வலு இல்லை. அதனால்தான் குளிர்வதில்லை.

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபேன் தள்ளும் காற்றின் எடையைவிட அதே ஃபேன் உதகையில் தள்ளுவது ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஆனால் தண்ணீர் 30 டிகிரி என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் காலத்துக் காற்று 33 டிகிரி. அங்கே ரேடியேட்டர் தண்ணீரைச் சூடாக்கத்தான் செய்யும். உதகையில் காற்று 15 டிகிரி. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது அந்த 15 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை.

கொடைக்கானல்: அப்படியானால் உயரத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை என்கிறீர்களா? என் பவர் சப்ளையில் இரண்டு முறை மின்பொறி தாண்டியது. சமவெளியில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் அதே மாடல், ஒன்றும் ஆகவில்லை.

அந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காற்று மெல்லிதானால் அதன் மின்காப்புத் திறன் குறையும். பொறி தாண்டுவது எளிதாகும். பனிமூட்டமும் சேர்ந்தால் இன்னும் மோசம். டியூப் முனையின் சிலிக்கோன் உறையைப் புதுப்பித்து, உயர் மின்னழுத்தக் கம்பியை உலோகச் சட்டத்திலிருந்து விலக்கி வையுங்கள். எர்த்தையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பாருங்கள். பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது கடினம். ஆனால் இது வேறு கோளாறு, குளிராததற்கு இது காரணம் இல்லை.

கூடலூர்: கொடைக்கானல்காரர் சொல்வதுதான் சரி. ஜூன் மாதம் வந்தால் என் இயந்திரமும் இப்படித்தான்.

ஜூனில் என்றால் தென்மேற்குக் காற்றைச் சந்தேகப்படுங்கள். புகைக்குழாய் மேற்கே பார்த்திருந்தால் காற்று எதிர்த்துத் தள்ளும். சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுழலும். குழாய் வாயைக் கிழக்கே திருப்புங்கள். ஃபேன் இறக்கைகளைத் தொட்டுப் பாருங்கள்: பிளைவுட் புகையும் ஈரமும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் பிசின் போலப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே காற்றோட்டம் கூடும்.

குன்னூர்: குளிருக்கு ஜன்னலை அடைத்து, கரியடுப்பு மூட்டிய அறையில் வெட்டலாமா?

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரித்தாலே கார்பன் மோனாக்சைடு சேரும். அது உயிரைப் பறிக்கும் வாயு. புகை உறிஞ்சும் ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுக்கும்போது, கணப்புக்குப் புகைபோக்கி இருந்தாலும் அந்தப் புகை உள்ளே திரும்பும்.

கோத்தகிரி: ஐஸ் கட்டிகளை உறையில் போட்டு மிதக்கவிட்டால்?

அதுவும் ஐஸ்தான். மேலே பதில் இருக்கிறது.

தலைகுந்தா: சில்லர் வாங்கியும் இதே கதை.

வாங்கியது கம்ப்ரஸர் உள்ள சில்லரா என்று பாருங்கள். சில மாடல்கள் வெறும் ரேடியேட்டரும் ஃபேனும்தான்; அவற்றால் அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. உங்கள் ஊரில் உறைபனி விழும் மாதங்களில் இரவில் டியூபிலிருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்தால் உள்கண்ணாடி பிளந்துவிடும். காரின் கூலண்ட் ஊற்ற வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும்.

உதகை: ஓட்டம், ஃபேன், குழாய் எல்லாம் சரிபார்த்துவிட்டேன் சார். இன்னும் தணியவில்லை.

இரவு முழுவதும் அணைத்து வையுங்கள். காலையில் போட்டதும் இயந்திரம் காட்டும் எண்ணையும் அறை வெப்பமானியையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

உதகை: அறை 13. இயந்திரம் 29 காட்டுகிறது.

இரவெல்லாம் கிடந்த தண்ணீர் 29 டிகிரியில் இருக்க முடியாது. இந்த வகைச் சென்சரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். சென்சர் கம்பியின் இணைப்பானில் ஈரம் புகுந்தாலும் தடை குறையும். இயந்திரம் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, இணைப்பானைக் கழற்றி ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். முள்ளில் பச்சை பூத்திருந்தால் சென்சரோடு மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான்.

குன்னூர்: ரெக்ஸினில் சாவிக்கொத்து வெட்டினால் சூடு கூடுமா?

ரெக்ஸினை வெட்டவே கூடாது. பிவிசி கலந்தது, எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் சேர்த்து அரிக்கும்.