நிட், பர்ல் மட்டும் தெரிந்தால் கைப்பை பின்ன முடியுமா?

இரண்டு ஊசி நிட்டிங்கில் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் தெரியும், மஃப்ளர் பின்னிப் பின்னி அலுத்துவிட்டது, புதிய பின்னல்களை எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: சின்னதாக ஒரு கைப்பை பின்னுங்கள்.

ஸ்வெட்டர் என்றால் அளவு பிசகக் கூடாது. பை விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதன் துணி தொய்யக் கூடாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னும் வழக்கமான துணி ஓரத்தில் சுருண்டுகொள்ளும். சாவிக்கொத்தைப் போட்டால் இழுபட்டுத் தொங்கும். ஆகவே பைக்கென்றே ஒரு புதிய பின்னலைக் கற்றாக வேண்டும்.

நான் எல்லாருக்கும் சொல்வது லினன் ஸ்டிட்ச். ஊசியிலுள்ள கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இரட்டைப்படையில் இருக்கட்டும். முதல் வரிசையில் ஒரு கண்ணி நிட். பிறகு நூலை முன்பக்கம் கொண்டுவந்து, அடுத்த கண்ணியைப் பின்னாமல், பர்ல் போடுவதுபோல் ஊசியை நுழைத்து வலது ஊசிக்கு மாற்றுங்கள். நூலைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் நிட். வரிசை முடியும்வரை இப்படியே. இரண்டாம் வரிசையில் ஒரு பர்ல். அடுத்த கண்ணியை மாற்றும்போது மட்டும் நூல் பின்பக்கம் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிசைகளே திரும்பத் திரும்ப வரும். மாற்றிய ஒவ்வொரு கண்ணியின் மேலும் நூல் ஒரு சிறு கோடாகப் படியும். நாலைந்து வரிசை ஏறியதும் பார்த்தால் தறியில் நெய்த துணி மாதிரி இருக்கும். சுருளாது, எளிதில் தொய்யாது. வரிசைக்குப் பாதிக் கண்ணிகள்தான் பின்னப்படுவதால் மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். துணி இறுகும் என்பதால் வழக்கமாக 4 மி.மீ. ஊசி எடுப்பவர் 5 மி.மீ. எடுப்பது நல்லது.

கவனித்தீர்களா, இதில் நீங்கள் அறியாத கைவேலை எதுவுமே இல்லை. பெரும்பாலான பின்னல்கள் இப்படித்தான்: நிட், பர்ல், கண்ணி மாற்றுதல் ஆகியவற்றின் வெவ்வேறு அடுக்குகள். ஆகவே குறிப்பை மனப்பாடம் செய்யாதீர்கள், துணியைப் படிக்கப் பழகுங்கள். நிட் கண்ணி 'வி' வடிவில் தெரியும், பர்ல் கண்ணியில் ஒரு சின்ன மேடு இருக்கும். இது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் எந்த இடத்தில் விட்டுப் போனாலும் தொடரலாம்.

புதிய பின்னலைத் தொடங்குமுன், ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து விட்டுவிடுங்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த வரிசையோடு நின்றுவிடும். துணிந்து எதையும் முயன்று பார்க்கலாம்.

ஏறக்குறைய 18 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாகப் பின்னி மடித்தால், 17 செ.மீ. உயரப் பையும் மேலே மூடுவதற்கு 11 செ.மீ. மடிப்பும் கிடைக்கும். பக்கங்களை அதே நூலால் தைத்துவிடுங்கள்.

கைப்பிடிக்கு ஐ-கார்டு என்ற பின்னல் கயிறு. அமெரிக்காவில் எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை பரப்பிய முறை இது. இருமுனை ஊசியில் நான்கு கண்ணிகள் போட்டு நிட் செய்யுங்கள். ஊசியைத் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறமாக இழுத்து மீண்டும் நிட். தட்டையாக இல்லாமல் உருண்ட கயிறாக வளரும். கனம் தாங்கினால் இதுவும் நீளும். உள்ளே ஒரு பருத்தி நாடாவைக் கோத்துவிட்டால் நீளாமல் நிற்கும். பைக்குள் லைனிங்காக பழைய பருத்திப் புடவைத் துண்டே போதும்.