கடன் கட்டித் தீர்ந்த பின் மன்னிப்பு எதற்கு?

கேள்வி: என் பாவத்துக்குரிய தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றுக்கொண்டார் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும் என்று கேட்டதற்கு, "இது நாத்திகர் கேள்வி" என்று எங்கள் போதகர் முடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுவோம் என்று தெரிந்தே இறப்பது தியாகமாகுமா என்பது என் இன்னொரு சந்தேகம். (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: நாத்திகர்களும் இதைக் கேட்டதுண்டு. ஆனால் மிகக் கூர்மையாகக் கேட்டவர், இயேசுவை இரட்சகர் என்றே நம்பிய ஒருவர். இத்தாலியின் சியனா நகரில் 1539இல் பிறந்த ஃபாஸ்டோ சோசினிதான் அவர். 1578இல் எழுதி முடிக்கப்பட்டு, 1594இல் அச்சேறிய அவருடைய நூலின் தலைப்பே 'இரட்சகராகிய இயேசு கிறிஸ்துவைப் பற்றி' என்பதுதான்.

பணக்கடனை அண்ணனுக்காகத் தம்பி கட்டலாம். கொடுத்தவருக்கு வரவேண்டியது பணம், அது யார் கையிலிருந்து வந்தாலும் கணக்கு நேராகிவிடும். கொலை செய்த அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியைத் தூக்கிலிட்டால் கணக்கு நேராவதில்லை, இன்னோர் அநீதி கூடுகிறது. சரி, பாவமும் கடன் போன்றதே என்று ஒப்புக்கொண்டாலும் சிக்கல் தீராது. கடன் முழுவதும் கட்டப்பட்டுவிட்டால் அதைப் பெற்றுக்கொண்டவர் 'மன்னித்தேன்' என்று சொல்ல என்ன மிச்சமிருக்கிறது? வசூலும் மன்னிப்பும் ஒரே கடனுக்கு ஒருசேரப் பொருந்தா என்பதே சோசினியின் வாதம். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று தமிழ் வேதாகமத்தில் ஜெபித்துப் பழகிய நமக்கு இந்த வாதம் இன்னும் உறைக்கும்.

இதற்கு 1617இல் ஹாலந்தின் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் மறுப்பெழுதினார். கடவுள் கடன்கொடுத்தவரல்லர், ஆட்சியாளர். ஆட்சியாளர் சட்டத்தைத் தளர்த்தலாம், ஆயினும் சட்டத்தின் மதிப்புக் குன்றாதிருக்க ஒரு தண்டனையைக் காட்டியாக வேண்டும் என்றார். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் குற்றமற்றவரைத் தண்டித்துக் காட்டினால் சட்டத்தின் மதிப்பு உயருமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை என்பது என் கருத்து. சோசினிக்குக் கிடைத்த வேறொரு பதிலையும் சொல்ல வேண்டும்: 1598இல் போலந்தின் கிராக்கோவ் நகர மாணவர் கும்பலொன்று, நோயுற்றுப் படுத்திருந்த அவரை வீட்டிலிருந்து இழுத்துவந்து, அவருடைய புத்தகங்களையும் கையெழுத்துப் படிகளையும் எரித்தது.

இந்த ஐயம் சுயதியாகத்தின் உயர்வைக் குறைப்பதில்லை. 1941இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் கயோவ்னிசெக் என்பவர் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, மாக்ஸிமிலியன் கோல்பே என்னும் துறவி முன்வந்து அவரிடத்தை ஏற்றார். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் உயிர் போகாததால் ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசியால் கொல்லப்பட்டார். கயோவ்னிசெக் 1995 வரை வாழ்ந்தார். அந்தப் பதிலாளை முகாம் அதிகாரி ஒப்புக்கொண்டதே, அவருக்குக் குற்றம் யாருடையது என்பது பொருட்டாக இருக்கவில்லை, எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. கோல்பேயின் செயலில் நாம் வணங்குவது அன்பை. அதை நீதி நிறைவேறியதாக எவரும் சொல்வதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: பாவிக்குரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்னும் 'தண்டனை மாற்று' சிலுவைக்குச் சொல்லப்பட்ட பல விளக்கங்களுள் ஒன்று மட்டுமே. சாத்தானுக்குக் கொடுத்த மீட்புப் பணம் என்று பழைய சபைத் தந்தையர் சிலர் கருதினர். கடவுளின் மாண்புக்குச் செய்த ஈடு என்றார் 11ஆம் நூற்றாண்டு இறுதியில் இறையியலாளர் அன்செல்ம். சோசினியின் அடி சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்டுகள்) வலியுறுத்திய தண்டனை மாற்று விளக்கத்தின்மேல்தான் நேராக விழுகிறது.

உங்கள் இரண்டாவது சந்தேகம் அவ்வளவு வலுவானதன்று. மீண்டும் எழுவோம் என்ற நம்பிக்கை ஆணியின் வலியைக் குறைக்காது. ஆனால் தண்டனைக் கணக்கு என்று பேசினால் மட்டும் அது கடிக்கும்: பாவிக்குரியது நித்திய மரணம் என்றால், மூன்று நாள் அதற்கு ஈடாகாது. இதையும் சோசினி கேட்டார்.

போதகரை அடுத்துச் சந்திக்கும்போது சோசினியை விட்டுவிடுங்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தை விரித்துக் கேளுங்கள்: பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை ராஜா மனதிரங்கி விடுவித்தாரே, அந்தத் தொகையை யார் கட்டினார்?