எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் எந்த கேமை முதலில் விளையாடலாம்? மோட் போடாமல் விளையாடவே முடியாதா?

மாரோவிண்டில் தொடங்குங்கள். மோட், அதாவது ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் மாற்றம், இல்லாமல் தாராளமாக விளையாடலாம். பிழை திருத்தும் ஒன்றிரண்டு போதும், முதல் ஆட்டத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை.

4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். "பழசெல்லாம் பார்க்கவே சகிக்காது, 300 மோட் ஏத்தினாத்தான் மனுஷன் விளையாட முடியும்" என்று நண்பர்கள் சொன்னதையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் வேலை, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம், அப்படிப்பட்டவர்தான் நீங்களும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வரிசை தெரியாதவர்களுக்காக: அரீனா 1994, டாகர்ஃபால் 1996, மாரோவிண்ட் 2002, ஆப்ளிவியன் 2006, ஸ்கைரிம் 2011. எல்லாம் பெதெஸ்டா செய்தவை. கதை ஒன்றின் தொடர்ச்சியாக இன்னொன்று வராது. ஒரே உலகம், வேறு வேறு நாடு, வேறு வேறு காலம். அதனால் எதில் தொடங்கினாலும் கதை புரியாமல் போகாது. முதல் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. டாகர்ஃபாலை ரசிகர்கள் யூனிட்டி என்ற எஞ்சினில் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) மறுபடி கட்டியிருக்கிறார்கள், அதை என்றைக்காவது பாருங்கள். இப்போது வேண்டாம்.

உங்கள் மெஷினுக்கு எது ஓடும் என்று பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடுகிறது. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் கேட்கும். 2025இல் வந்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர்ட் நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், அதை நினைக்கவே வேண்டாம். மாரோவிண்டுக்கு அந்தக் காலத்தில் கேட்டது 500 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, விண்டோஸ் எக்ஸ்பி என்றால் 256 எம்பி ரேம். உங்கள் லேப்டாப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் ஓடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாரோவிண்டில் திரையில் அம்புக்குறி கிடையாது. எங்கே போக வேண்டும் என்று வாயால்தான் வழி சொல்வார்கள், அது நாட்குறிப்பில் ஏறும், மிச்சம் நம் பாடு. ஆரம்பத்தில் பால்மோரா ஊரில் ஹாஸ்ஃபாட் என்பவர் ஒரு புதிர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். அது ஆர்க்ன்தாண்ட் என்ற, மறைந்துபோன டுவெமர் இனத்தின் பாழடைந்த கட்டடத்துக்குள் இருக்கிறது. ஊரை விட்டு ஆற்றைக் கடந்து, மூன்மாத் கோட்டையைத் தாண்டி, எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பள்ளத்தாக்கின் மேல் இருக்கும் பழைய பாலத்தைப் பிடிக்க வேண்டும். பாலம் கண்ணில் படாவிட்டால் பள்ளத்துக்குள் இறங்கி, சாம்பல் புயலில் திசை தெரியாமல் நடக்க வேண்டியதுதான். நான் நடந்தேன். அந்தப் பக்கம் ஏறினால் பாறையில் உருண்டைக் கதவு. தள்ளினால் திறக்காது. பக்கத்தில் ஒரு குழாய், அதில் ஒரு திருகி. அதைத் திருப்பினால் கதவு கரகரவென்று விலகும். உள்ளே கொள்ளைக்காரர்களைச் சமாளித்து, அறை அறையாகத் தேடினால், அந்தப் பெட்டி கைக்கடக்கமான ஒரு சின்னக் கனசதுரம். அலமாரியில் மற்ற உலோகச் சாமான்களோடு இருட்டில் கிடக்கும். மினுங்காது, ஒளி வட்டம் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு பால்மோராவுக்குத் திரும்பி நடந்தபோது அந்த வழி எனக்கு மனப்பாடமாகியிருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் யாருக்கும் சொல்வேன். அதற்குப் பிறகு எத்தனையோ கேம்களில் அம்புக்குறி காட்டிய பக்கம் ஓடியிருக்கிறேன், அதில் ஒரு ஊரின் வழிகூட நினைவில் நிற்கவில்லை.

இன்னொன்று, இந்த கேம் உங்களைத் தடுக்காது. கதைக்கு மிக முக்கியமான ஆளையே வெட்டிச் சாய்க்கலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, சேமித்து வைத்த பழைய சேவுக்குப் போ, இல்லையென்றால் நீயே கெடுத்த உலகத்தில் இருந்துகொள் என்கிற மாதிரி ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். முதல் ஊரான சேடா நீனை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டே வானத்திலிருந்து விழுந்து சாவான். அவன் பையில் இருக்கும் சுருளைப் படித்துவிட்டுக் குதித்தால் தீவின் பாதியைத் தாண்டிப் பறப்பீர்கள். இறங்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

சண்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறையப் பேர் முதல் அரை மணி நேரத்தில் இங்கேதான் கடுப்பாகி விட்டுவிடுகிறார்கள். கத்தி எதிரியின் மேல் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி விழாது. பின்னால் பகடை உருள்கிறது. அந்த ஆயுதத்தில் உங்கள் திறமை எவ்வளவு, சோர்வு எவ்வளவு, இரண்டும் கணக்கில் வரும். ஓடினால் உடல் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு குறையும், அது குறைந்தால் அடியும் தவறும். எனவே ஆளை உருவாக்கும்போது எந்த ஆயுதத்தைத் தூக்கப் போகிறீர்களோ அதை முக்கியத் திறன்களில் வையுங்கள். சண்டைக்கு ஓடிப் போகாதீர்கள், நடந்து போங்கள். இந்த இரண்டும் செய்தாலே முக்கால்வாசிப் புகார் அடங்கிவிடும்.

ஸ்கைரிம் ரசிகர்கள் உடனே கிளம்பிவிடுவார்கள், தெரியும். நான் ஸ்கைரிமை மட்டம் தட்டவில்லை. பனிமலையில் ஏறும்போது பின்னால் இசை மெல்ல எழும் இடத்தில் நானும் நின்று கேட்டிருக்கிறேன். உங்களிடம் நல்ல மெஷின் இருந்து, சண்டை சட்டென்று கைக்குப் பிடிபட வேண்டும் என்று கேட்டிருந்தால் ஸ்கைரிமைத்தான் சொல்லியிருப்பேன். ஆப்ளிவியனில் நாம் சேரக்கூடிய கூட்டங்களின் கதைகள் அருமை, குறிப்பாகக் கொலையாளிகள் கூட்டம். ஆனால் அதில் நீங்கள் வளர வளர உலகமே உங்களோடு வளரும். கொஞ்ச நாளில் வழிப்பறிக்காரன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு நூறு காசு கேட்பான். அதைச் சரிசெய்ய மோட் போட்டே ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் முதல் கேமாக அதைச் சொல்வதில்லை.

இப்போது அந்த 300 மோட் விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "அக்கா, ஸ்கைரிம்ல பெரிய லிஸ்ட் ஒண்ணு போட்டேன். ரிவர்வுட் கிட்டப் போனாலே க்ராஷ் ஆகுது." ரிவர்வுட் அந்த கேமில் ஆரம்பத்தில் வரும் ஊர். யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்துப் பட்டியலை அப்படியே இறக்கியிருக்கிறான். நான் போய் உட்கார்ந்தேன். பாதி மோட்களை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது, க்ராஷ் ஆனால் மிச்சப் பாதியில் மறுபடி பாதி, இப்படியே குறுக்கிக்கொண்டு வந்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே ரிவர்வுட்டை அழகாக்கும் மோட்கள். மோட்களுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ்இஎடிட்டில் திறந்தால் சிவப்புச் சிவப்பாக மோதல். ஊர்க்காரர்கள் எங்கே நடக்கலாம் என்று கேமுக்குச் சொல்லும் நேவ்மெஷ் என்று ஒன்று உண்டு. ஒரு மோட் அதை அழித்திருந்தது, இன்னொன்று அதைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தூக்கியதும் கேம் ஓடியது. தம்பிக்குச் சந்தோஷம். ஆனால் அவன் அதுவரை டிராகன் ஒன்றைக்கூடக் கொன்றிருக்கவில்லை. கேம் வாங்கிப் பல வாரமாகியும் அவன் செய்ததெல்லாம் புல், மரம், முகம், தண்ணீர் என்று இறக்கி அடுக்கியதுதான். எது கேமோடு வந்தது, எது மோட் கொடுத்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரியாமல் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று எப்படி முடிவு செய்வது?

இதற்காக மோட் செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் மாரோவிண்ட் இன்றைக்கு இத்தனை பேர் கையில் இருக்காது. மூல கேமில் இருப்பது வார்டன்ஃபெல் என்ற தீவு மட்டும். மாரோவிண்ட் நாட்டின் மிச்ச நிலப்பரப்பை டாம்ரியல் ரீபில்ட் என்று ரசிகர்கள் சேர்ந்து இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் ஊராக, குகை குகையாக. அதை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. உங்கள் முதல் ஆட்டம் முடிந்ததும் நீங்கள் போட வேண்டிய முதல் பெரிய மோட் அதுதான், அதற்கு ஈடாக நான் இன்னொன்றைச் சொல்லமாட்டேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: கேமை வாங்கி நிறுவுங்கள், ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு தனி ஃபோல்டரில். பிறகு ஓபன்எம்டபிள்யூ இறக்குங்கள். அது மாரோவிண்டின் எஞ்சினை ரசிகர்கள் முதலிலிருந்து எழுதியது, இலவசம், ஆனால் ஓட ஒரிஜினல் கேமின் கோப்புகள் வேண்டும். பழைய எஞ்சினின் எத்தனையோ பிழைகள் இதில் இல்லை, லினக்ஸிலும் ஓடும். நிழலை அணைத்துவிட்டு, பார்வைத் தூரத்தைக் குறைவாக வைத்தால் உங்கள் லேப்டாப் தாங்கும். அதன் மேல் பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் என்ற ஒன்றை மட்டும் போடுங்கள். அறுந்துபோன குவெஸ்ட் (கேமில் தரப்படும் பணி), எழுத்துப் பிழை மாதிரியானவற்றைத் திருத்தும், சுவையை மாற்றாது. பழைய எஞ்சினிலேயே விளையாடுகிறவர்கள் எஞ்சின் பிழைகளைத் திருத்தும் கோட் பேட்சும், காட்சியை மேம்படுத்தும் எம்ஜிஇ எக்ஸ்இயும் போடுவார்கள், அதுவும் நல்ல வழிதான். ஆனால் பழைய எஞ்சினுக்கான துணை நிரலான எம்டபிள்யூஎஸ்இ வேண்டும் என்று போட்டிருக்கும் மோட் எதுவும் ஓபன்எம்டபிள்யூவில் ஓடாது. இறக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் ஸ்கைரிமுக்குப் போனால் மாட் ஆர்கனைசர் 2 வையுங்கள். அது கேமின் ஃபோல்டரைத் தொடாமல் மோட்களைத் தனியே வைத்திருக்கும், வேண்டாம் என்றால் டிக்கை எடுத்தால் போதும். பாதி ஆட்டத்தில் ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ள மோட்டைத் தூக்காதீர்கள், அது சேவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீமில் அப்டேட்டை, கேம் திறக்கும்போது மட்டும் என்று மாற்றி வைத்துவிட்டு பல மோட்களுக்குத் தேவைப்படும் துணை நிரலான எஸ்கேஎஸ்இ வழியாகவே திறங்கள். 2021 நவம்பர் அப்டேட்டில் எத்தனை பேருடைய அமைப்பு ஒரே ராத்திரியில் படுத்தது என்பதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

சேவ் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது கேள்விக்கு நேர் பதில் இல்லை என்றாலும். என் லேப்டாப்பில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஃபேனை மட்டும் பாருங்கள், டிஸ்க்கில் கை வைக்காதீர்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது புது விண்டோஸ், காலி டெஸ்க்டாப். கேட்டால் "ஸ்லோவா இருந்துச்சு மேடம், ஃப்ரெஷ்ஷா போட்டுக் கொடுத்திருக்கோம்" என்கிறார் அந்தப் பையன், நல்லது செய்த முகத்தோடு. ஃபேனுக்கும் விண்டோஸுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுப் போட்டோக்கள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தன. மாரோவிண்டில் வருடக்கணக்கில் வளர்த்த என் மந்திரவாதி போய்விட்டாள். அவளுக்கு டெல்வானி என்ற மந்திரவாதிகள் கூட்டத்தில் காளான் கோபுரமே கட்டி முடித்திருந்தேன். கேமில் என்ன போச்சு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கு அது உழைப்பு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆகவே ஓபன்எம்டபிள்யூ என்றால் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஓபன்எம்டபிள்யூ என்று போனால் சேவ்ஸ் ஃபோல்டர் இருக்கும். பழைய எஞ்சின் என்றால் கேமின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது எங்கேயாவது சிக்கினால் கேளுங்கள். எந்த விண்டோஸ், எந்த ப்ராசஸர் என்பதையும், திரையில் வந்த பிழைச் செய்தியை முழுதாகவும் சேர்த்து எழுதுங்கள்.