டெபியன் பேக்கேஜ் கையேடு பழசாகிவிட்டது: முழுதாகத் திருத்த வேண்டுமா?

கேள்வி: வியாசர்பாடியில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறோம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மென்பொருளைப் பேக்கேஜ் செய்வது (நிறுவத் தயாரான பொதியாகக் கட்டுவது) பற்றி 2016-ல் தமிழில் ஒரு கையேடு எழுதினோம். வேர்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். இப்போது அதைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு முதல் பில்டிலேயே (பேக்கேஜைக் கட்டும்போதே) எரர். திரும்ப எழுத ஆளில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், ஸ்பான்சர் கட்டணம் கட்டினால் கையேட்டைப் புதுப்பித்து டெபியன் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கையேட்டையே ஒரு பேக்கேஜாக டெபியனில் சேர்க்கும் ஆசையும் உண்டு. ஜிஎஃப்டிஎல் (யாரும் நகலெடுக்க, மாற்ற, விற்க விடும் ஆவண உரிமம்) போட்டிருக்கிறோம்.

பதில்: பணம் கட்டாதீர்கள். டெபியன் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. பேக்கேஜை ஏற்றிவிட ஒரு ரூபாய் கூட வாங்குவதில்லை. ஏற்றும் உரிமை இல்லாதவர்களின் பேக்கேஜை டெவலப்பர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லி ஏற்றுவார். அவருக்குப் பெயர்தான் ஸ்பான்சர். சம்பளமில்லாமல் செய்கிறார், அதனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் வராமலே போகும். அந்த இழுத்தடிப்பு எனக்கும் எரிச்சல்தான். அந்த எரிச்சலில்தான் இடைத்தரகர்கள் கடை விரிக்கிறார்கள். 'உள்ளே ஆள் இருக்கு' என்று யாராவது சொன்னால், அந்த ஆளின் பெயரில் டெபியன் பதிவில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று கேளுங்கள். அது எல்லாருக்கும் திறந்திருக்கும் பதிவு. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி எரர். கையேட்டில் 'கம்பாட் என்ற ஃபைலில் 9 என்று எழுது' என்ற வரி இருக்கும், பாருங்கள். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் என்ற கருவி எந்த நிலைப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. 2016-ல் அது சரி. 2019-ல் வந்த டெபியன் 10-லிருந்து அந்த எண்ணை, பேக்கேஜின் விவரங்கள் உள்ள கண்ட்ரோல் ஃபைலிலேயே, பில்டுக்குத் தேவையானவை பட்டியலில் எழுதும் வழக்கம் வந்துவிட்டது. பேக்கேஜுக்கான மாதிரி ஃபைல்களை உருவாக்கும் இன்றைய டிஎச்-மேக் கமாண்ட் அதைத் தானாகவே 13 என்று போட்டுவிடுகிறது. பையன் உங்கள் கையேட்டை நம்பி 9 என்று தனி ஃபைலும் வைக்கிறான். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொன்னால் டெப்ஹெல்பர் ஒத்துக்கொள்ளாது, நின்றுவிடும். கம்பாட் ஃபைலை அழித்தால் பில்ட் ஓடும். அந்த ஒரு வரியை எடுத்தாலே பாதிப் புகார் தீரும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேர்டும் பிடிஎஃப்பும். கமாண்டில் வரும் இரட்டைக் கோட்டை வேர்ட் ஒரே நீளக் கோடாக்கும், நேர் மேற்கோளை வளைக்கும். காப்பி எடுத்து ஒட்டினால் கமாண்ட் ஓடாது. அதைவிட மோசம் ரூல்ஸ் ஃபைல். பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் அது உண்மையில் ஒரு மேக்ஃபைல், அதாவது மேக் என்ற கருவி படிக்கும் கட்டளைப் பட்டியல். கட்டளை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும்போது டேப் வெறும் இடைவெளியாக மாறிவிடும், 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று எரர் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிள்ளை அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வான். கையேட்டைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வையுங்கள். மாதிரி ரூல்ஸ், கண்ட்ரோல் எல்லாம் தனி ஃபைலாக அப்படியே கிடக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம்.

முழுதாகத் திரும்ப எழுத வேண்டியதில்லை, குறைக்க வேண்டும். டெபியன் பாலிசியில் (பேக்கேஜ் விதிகளின் ஆவணம்) உள்ளதைத் தமிழில் திரும்பச் சொன்ன பக்கங்களை வெட்டுங்கள். உத்தியோகபூர்வ ஆவணங்களின் நிலையே அப்படித்தான்: பாலிசி ஒரு பக்கம், டெவலப்பர் ரெஃபரன்ஸ் ஒரு பக்கம், விக்கி ஒரு பக்கம். புதியவர்களுக்கென்று இருந்த பழைய கையேடு காலாவதியாகி, 'வேறு கையேட்டைப் பார்' என்று கை காட்டுகிறது. 2018-ல் டெபியன் தன் மூலநிரல்களை வைத்திருந்த அலியோத் சர்வரை மூடி சால்சா என்ற புது சர்வருக்குப் போனபோது எத்தனையோ பக்கங்களில் இருந்த முகவரிகள் செத்துப்போயின. அவர்களாலேயே சமாளிக்க முடியாததை நீங்கள் நகலெடுத்துச் சுமப்பானேன்? பாலிசியையே ஒரு பேக்கேஜாக அந்தக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளலாம், இணையம் இல்லாமலும் படிக்கலாம். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள், அதை மட்டும் நீங்கள் எழுதுங்கள். வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'டெபியன் 13-ல் ஓட்டிப் பார்த்தது' என்று மாதத்தோடு ஒரு வரி போடுங்கள். நிலையான வெளியீடு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான்: 2019, 2021, 2023, 2025. புது வெளியீடு வந்ததும், கையேட்டை எழுதாத ஒரு பிள்ளையை உட்கார வைத்து, பிபில்டர் மாதிரியான, வேறெதுவும் நிறுவாத சுத்தமான சூழலில் முதல் பக்கத்திலிருந்து செய்யச் சொல்லுங்கள். எழுதினவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. பிள்ளை நிற்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

கடைசியாக உரிமம். ஜிஎஃப்டிஎல் போட்ட ஆவணம் டெபியனின் முழுச் சுதந்திர மென்பொருளுக்கான மெயின் பிரிவுக்குள் வரலாம். ஆனால் 'இந்தப் பகுதியை மாற்றக்கூடாது' என்று எதையாவது குறித்திருந்தால் வராது. 2006-ல் டெபியன்காரர்கள் ஓட்டுப்போட்டு முடிவு செய்தது இது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரின் கையேடே இதனால்தான் நான்-ஃப்ரீ (சுதந்திரமற்ற) பிரிவில் கிடக்கிறது. நம் ஊரில் சிக்கல் முன்னுரையில்தான் இருக்கும். ஹாலைக் கொடுத்த வட்டச் செயலாளருக்கு ஒரு நன்றி, ஜெராக்ஸ் போட்டுக்கொடுத்த கடைக்கு ஒரு நன்றி, அதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அட்டையில் ஒரு குறிப்பு. நன்றி இருக்கட்டும், குறிப்பை எடுங்கள். எழுதியது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் இன்றே எடுத்துவிடலாம். நாலு பேர் எழுதியது என்றால் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் இப்போது துபாயில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை என்றால் அவர் எழுதிய பக்கங்களை மட்டும் புதிதாக எழுதுங்கள். சம்மதத்தை மெயிலில் வாங்கி கிட்டிலேயே போட்டு வையுங்கள், வாய்வார்த்தை போதாது.

பயிற்சி மையக்காரர் இதே உரிமத்தின்கீழ் உங்கள் கையேட்டை அச்சடித்து விற்கலாம், அதற்கு உங்கள் அனுமதியே தேவையில்லை. ஆனால் உங்கள் பெயர்களையும் உரிமத்தையும் எடுக்கக் கூடாது, வாங்கியவரை நகலெடுக்காதே என்று தடுக்கவும் கூடாது. உரிமையை எழுதிக் கொடுங்கள் என்று எந்தப் பத்திரத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய பிடிஎஃப்பை அழித்துப் பயனில்லை, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முதல் பக்கத்தில் 'கம்பாட் ஃபைல் வேண்டாம். புதுக் கையேடு இங்கே' என்று முகவரியோடு பெரிதாக எழுதி, அதே ஃபைல் பெயரில் எல்லாக் குரூப்பிலும் திரும்ப அனுப்பிவிடுங்கள்.