வாசகர் கேள்வி: வெடிக்காமல் கிடந்த விமானக் குண்டு

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நடுவதற்காக மண்ணைக் கிளறியபோது, வால்பகுதி நசுங்கிய இரும்பு உருளை ஒன்று கிடைத்தது. கம்யூனிஸ்ட் காலத்தில் விமானம் போட்ட குண்டு என்று கூறிப் போலீசார் அதை அப்புறப்படுத்தினர். அது அன்றே ஏன் வெடிக்கவில்லை? காட்டுக்குள் குண்டு போட்டதுதான் எதற்கு?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கீழே விழுவதால் மட்டும் குண்டு வெடித்துவிடாது. உள்ளே நிரப்பப்படும் டி.என்.டி. போன்ற வெடிமருந்து சாதாரண அதிர்ச்சிக்கு எளிதில் மசியாது. அதை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உருக்கி, குழம்பாகவே கூட்டுக்குள் ஊற்றுவார்கள். அதை எழுப்புவதற்கு, சிறு இடிக்கும் வெடிக்கக்கூடிய வேறொரு மருந்து கொஞ்சமாகத் தூண்டுகருவிக்குள் இருக்கும். அக்காலக் குண்டுகள் பலவற்றின் மூக்கில் சிறு காற்றாடி ஒன்று உண்டு. குண்டு விமானத்தில் தொங்கும்வரை ஒரு கம்பி அதைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும். குண்டு கழன்றதும் கம்பி விமானத்திலேயே தங்கிவிட, எதிர்காற்றில் காற்றாடி சுழன்று திருகு கழன்ற பிறகே கருவி வேலைக்குத் தயாராகும். அந்தக் கருவி பழுதானாலோ, குண்டு சேற்று நிலத்தில் மெத்தென்று இறங்கினாலோ வெடிக்காமல் போகலாம். மருந்து செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

ஓடும் லாரியிலிருந்து நழுவும் செம்பனைக் குலை, லாரி போகும் பக்கமே உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். குண்டும் அப்படித்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் விடும் குண்டு, காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சுமார் 25 வினாடிகளில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் முன்னே போய் விழும். ஆகவே இலக்குக்கு வெகுதூரம் முன்னதாகவே அதை விட்டாக வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் நாள் உங்கள் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி பிறப்பித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கெரில்லாக்களின் மறைவிடத்தை நோக்கிக் காட்டுவழியே நடந்து செல்லும் அரசுப் படையினருக்கு நாள்கணக்கில் ஆகும். அதற்குள் கெரில்லாக்கள் இடம் மாறிவிடுவார்கள். லிங்கன் ரகக் குண்டுவீச்சு விமானங்களோ சிங்கப்பூரிலிருந்து சில மணி நேரத்தில் வந்துவிடும். நேரடியாகக் கொல்வதைக் காட்டிலும், கெரில்லாக்களை நிம்மதியாகத் தங்கவிடாமல் விரட்டி, பதுங்கியிருக்கும் படையினரின் பக்கம் தள்ளிவிடுவது குண்டுவீச்சின் முக்கிய நோக்கமாக இருந்தது. ஆனால் மேலிருந்து பார்த்தால் இலைக்கூரைதான் தெரியும்; உச்சிக்கிளையில் பட்டே வெடித்த குண்டுகளும் உண்டு. ஆட்களைவிட மரங்களையே அவை அதிகம் சாய்த்தன என்பது என் கணிப்பு.

மறுநடவு இன்னும் முடியவில்லை என்றால் ஒன்று சொல்ல வேண்டும்: அப்படிப்பட்ட உருளை மீண்டும் தென்பட்டால், துருவைச் சுரண்டிப் பார்க்காமல், இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களைத் தூரமாக அனுப்பிவிட்டு 999ஐ அழையுங்கள்.