முதல் டவுன்ஹில் விடுமுறைக்கு எந்த மலை?

தம்பி, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா (பி.சி.) மாகாணத்துச் சர்ரேக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, கோத்தகிரி பக்கம் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஓட்டிய பழக்கம் உண்டு, ஆகஸ்டில் ஐந்து நாள் டவுன்ஹில், அதாவது மலையிலிருந்து இறங்கும் சைக்கிள், ஓட்டப் போகிறோம், விஸ்லர்தானே சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நண்பர் இங்கே புதிதாக வந்தவர், இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

விஸ்லருக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே தொடங்க வேண்டாம். முதல் மூன்று நாள் ஒக்கனாகன் பகுதியில் வெர்னன் ஊருக்கு மேலே இருக்கும் சில்வர்ஸ்டாரில் ஓட்டுங்கள், கடைசி இரண்டு நாளை விஸ்லருக்கு வையுங்கள்.

நீலகிரியில் ஓட்டும்போது ஏறித்தான் இறங்க வேண்டும். அந்த ஏற்றமே உங்களை நிதானமாக வைத்திருக்கும். இங்கே உங்களையும் சைக்கிளையும் கம்பியில் தொங்கி ஓடும் லிஃப்ட் மேலே கொண்டுபோய் விடும். நாள் முழுக்க இறக்கம் மட்டும்தான். ஊரில் பல வாரங்களில் இறங்குகிற உயரத்தை இங்கே ஒரே நாளில் இறங்கிவிடுவீர்கள். கால் தாங்கும், கைதான் முதலில் போகும். மதியத்துக்கு மேல் முன்கை இறுகிப்போய் விரல் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். விழுவதெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் பைக் பார்க்கை (இப்படி லிஃப்டும் தடங்களும் உள்ள மலையை) தேர்ந்தெடுக்கும்போது, களைத்த கையோடும் நிம்மதியாக இறங்க அங்கே எத்தனை தடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எவ்வளவு பெரிய ஜம்ப் இருக்கிறது என்பது அப்புறம்.

தடங்களின் குறி இங்குள்ள பார்க்குகளில் ஒன்றுதான். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு. ஆனால் அந்த நிறம் அந்தந்தப் பார்க்குக்கு உள்ளே ஒப்பிட்டுக் கொடுத்தது. ஒரு மலையில் நீலம் நன்றாக ஓட்டினேன் என்பதால் அடுத்த மலையின் நீலமும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எங்கே போனாலும் முதல் இறக்கம் பச்சையில்தான். டிரெயில்ஃபோர்க்ஸ் ஆப்பில் ஒவ்வொரு பார்க்கிலும் எந்த நிறத்தில் எத்தனை தடம், இன்று எது மூடியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

விஸ்லர் பைக் பார்க் 1999இல் தொடங்கியது. ஃபிட்ஸிம்மன்ஸ், கார்பான்சோ, கிரீக்சைட், உச்சி என்று மலை முழுக்க விரிந்து கிடக்கிறது. ஏ-லைன் என்ற ஜம்ப் தடத்தின் பெயரைக் கேட்காத டவுன்ஹில்காரர் இருக்க மாட்டார். அங்கே எளிய தடமும் உண்டு. ஈஸி டஸ் இட், பி-லைன் இரண்டும் நல்ல தடங்கள். சிக்கல் கூட்டத்தில். ஆகஸ்டில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கை தேர்ந்தவர்கள் வந்து குவிவார்கள். நாலாயிரம் பேர் பிரேக் பிடித்த வளைவில் மண் அலை அலையாகக் குழிந்திருக்கும், பின்னால் ஆள் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பதற்றத்தில் புதியவர் கற்றுக்கொள்வது குறைவு.

சில்வர்ஸ்டாரில் கிராமமே மலையின் நடுவில் இருக்கிறது. தங்கும் இடத்திலிருந்து லிஃப்டுக்கு நடந்தே போகலாம். இயந்திரம் வைத்துச் செதுக்கிய, வளைவுக்கு வளைவு சீராக ஓடும் தடங்கள் நிறைய. காலையில் ஓட்டி, மதியம் அறைக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டு, கை தேறினால் மறுபடி போகலாம். முதல் நாள் காலையில் ஒரு பயிற்சியாளரிடம் வகுப்பு எடுத்துவிடுங்கள். அந்தக் காசை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பி.சி.யின் மற்ற பார்க்குகளான சன் பீக்ஸ், கிக்கிங் ஹார்ஸ் எல்லாம் செங்குத்து. அடுத்த வருடம் பார்க்கலாம்.

இப்போது மிக முக்கியமான விஷயம். நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. மோட்டார் பைக்கிலும் அப்படித்தான். கனடாவில் சைக்கிளுக்கு வலது கை பின்சக்கரம், இடது கை முன்சக்கரம். நிதானமாக இருக்கும்போது நினைவு இருக்கும். செங்குத்தில் பயந்த நொடியில் கை ஊர்ப் பழக்கத்துக்கே போகும். பின்பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்தினால் முன்சக்கரம் நின்று ஹேண்டில் பாருக்கு மேலே பறப்பீர்கள். வாடகைக்கு எடுத்ததும் சமதளத்தில் அரைமணி நேரம் பிரேக் மட்டும் பிடித்துப் பழகுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

சைக்கிள் வாங்க வேண்டாம், வாடகை போதும். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள டவுன்ஹில் பைக் கேளுங்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் காப்பு, முதுகுக் காப்பு எல்லாம் கடையிலேயே கிடைக்கும். கையுறை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். சைக்கிளுக்குச் சேதமானால் யார் கட்டுவது என்று முதலிலேயே கேட்டு, எடுக்கும்போது நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் காப்பீடு. பி.சி.யில் குடியேறிய மாதத்தின் மிச்சமும் அடுத்த இரண்டு மாதமும் எம்எஸ்பி (மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) கிடையாது. உங்களுக்கு அந்தக் காலம் முடிந்திருக்கும், ஆனால் விண்ணப்பித்தால்தான் வரும். புதிதாக வந்த நண்பரைத் தேதி பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவர் பயணக் காப்பீட்டில் டவுன்ஹில் சைக்கிள் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். எம்எஸ்பி இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 80 டாலர் உங்கள் பாடு. எலும்பு கூடிய பிறகு வரும் பிசியோதெரபிக்கு அலுவலகக் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். லிஃப்ட் டிக்கெட்டோடு கையெழுத்து வாங்கும் தாளில், அடிபட்டால் பார்க் மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். படித்துவிட்டுப் போடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணிக்கட்டு ஒடிந்தால், கூட இருந்து பார்த்துக்கொள்ள இங்கே அம்மா இல்லை. அதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒக்கனாகன் பக்கம் காட்டுத்தீப் புகை வரலாம். ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். புகை கடுமையாக இருந்தால் ஐந்து நாளையும் விஸ்லருக்கு மாற்றி, வகுப்பை அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரங்களுக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது, வெயிலும் கூட்டமும் குறையும். விஸ்லரில் கிராங்வொர்க்ஸ் என்ற மலைச் சைக்கிள் விழா நடக்கும் நாட்களையும், முடிந்தால் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள்.

சில்வர்ஸ்டாருக்குப் போகும்போது கோக்கிஹல்லா நெடுஞ்சாலை வழி. சில்வர்ஸ்டாரிலிருந்து விஸ்லருக்கு வான்கூவர் வர வேண்டியதில்லை. கம்லூப்ஸ், கேஷ் கிரீக், லில்லுவெட் என்று வந்து 99ஆம் நெடுஞ்சாலையில் டஃபி லேக் வழியாக இறங்கலாம், அழகான சாலை. லில்லுவெட்டில் டேங்க்கை நிரப்புங்கள், பெம்பர்டனை நெருங்கும் வரை பங்க் கிடையாது, பல இடத்தில் செல்போன் சிக்னலும் இருக்காது. பெம்பர்டனுக்கு முன்னால் வரும் இறக்கம் மிகவும் செங்குத்து, காரைக் குறைந்த கியரில் இறக்குங்கள். இருட்டுவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவது மாதிரி கிளம்புங்கள்.