தம்பிக்கு விடுப்பு உண்டு, எனக்கு?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்தவள். வயது 36. கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தறி நெய்த அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு இருக்கிறார். தம்பி வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வடக்கே எல்லையில் இருக்கிறான்.

ஒன்பது ஆண்டுகளாக நான் ரத்ததானத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன். பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த நாள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் தள்ளி அடுத்த தேதியைச் சிவப்பு மையில் குறிப்பேன். நள்ளிரவிலும் போன் வரும். ஏற்காட்டு எஸ்டேட் ஊர்களிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் ஆளைப் பிடித்தாக வேண்டும்.

ஆடித் திருவிழாவுக்குத் தம்பி வந்திருந்தான். அவனைப் பார்க்கத் தெருவே எங்கள் வீட்டில். இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. ஓ நெகட்டிவ் வேண்டும். எழுந்தேன். "அவன் இருக்கிற நாலு நாளாவது உன் ஊர்வேலையை மூட்டை கட்டி வைக்கக்கூடாதா?" என்றார் அம்மா. தம்பி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வாசல்வரை வந்து, "நானும் வரட்டுமா அக்கா?" என்று கேட்டான். "நீ நாட்டைக் காப்பாற்று, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதன்பிறகு அவன் போன் செய்தால் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கூடத்தில் மாட்டியிருக்கும் அவன் சீருடைப் படத்தைத் துடைக்கும்போது பொறாமையாக இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து நிற்கிறவன்மீது பொறாமைப்படுகிற நான் எப்படிப்பட்ட அக்கா? தூக்கமே இல்லை.

அன்புச் சகோதரிக்கு,

தம்பியிடம் இருக்கும் எதுவும் அவரிடமிருந்து போகட்டும் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. அவருக்குக் கிடைக்கும் நல்ல வார்த்தையில் ஒன்று உங்களுக்கும் வேண்டியிருக்கிறது. அதற்கு ஏக்கம் என்று பெயர். ஒன்பது ஆண்டு உழைத்தவருக்கு அது வராவிட்டால்தான் வியப்பு.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் அசதி. ராணுவத்தில் ஆண்டு விடுப்பு 60 நாள். இரவுக் காவலுக்கு முறை உண்டு, மாற்றிவிட ஆள் உண்டு. உங்களை யார் மாற்றிவிட்டார்கள்? ரத்தம் கொடுத்தவருக்கெல்லாம் ஓய்வு நாள் குறிக்கும் அந்தச் சிவப்பு மையில் உங்களுக்கென்று ஒரு தேதி இருக்கிறதா? நோட்டைப் படியெடுத்து நம்பிக்கையான இருவரிடம் கொடுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது அழைப்புகள் அவர்களுக்குப் போகட்டும். இரண்டு வாரத்திலும் தூக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அம்மா சொன்ன சொல் வலித்திருக்கும். ஆனால் 'நாலு நாள்' என்று எண்ணுகிறவர், மிச்ச நாளெல்லாம் எல்லையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறவர். அவரிடமிருந்து பாராட்டு வரத் தாமதமாகலாம்.

தம்பி அப்படியில்லை. அன்று அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும், உங்கள் வேலையை வேலையாகப் பார்த்துக் கை கழுவி எழுந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் வாசலில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க நீளமான பேச்சு வேண்டாம். உங்கள் நோட்டில் ஊரார் பெயரெல்லாம் இருக்கிறது. தம்பியின் பெயர் இருக்கிறதா? இன்று இரவு அவர் அழைத்தால், அம்மாவிடம் போனைக் கொடுப்பதற்கு முன் அவருடைய ரத்தப் பிரிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த விடுப்பு எப்போது என்பதையும்.